பத்துத் தோட்டா நாற்காலி

"வில்பர்ட், இந்த ரொட்டி மின்னுது."

எலைன் ஒரு துண்டு ரொட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தாள். ஏலக்காய் மணக்கும் ரொட்டி. அடிப்பக்கத்தில் பொன்னிறத் துகள்கள் ஒட்டிக்கொண்டு, ஏரியில் விழுந்த காலை வெயில்போல மினுமினுத்தன.

"பித்தளைதான்," என்றார் வில்பர்ட் கல்லியோ, தன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல். "கொஞ்சந்தான்."

"என் ரொட்டிப் பலகையில எதை அறுத்தே?"

"தோட்டாக் கூடு. மான் சுட்ட வெறுங்கூடுதான். முப்பது."

"முப்பதா!"

"எனக்கு வேண்டியது பத்து. கெட்டுப்போறதுக்கு இருபது சேர்த்து வச்சேன்."

வில்பர்ட் முப்பத்து நாலு வருஷம் மிச்சிகனின் வடகோடியில் பனி அள்ளும் லாரி ஓட்டியவர். போன இலையுதிர் காலத்தில் ஓய்வு பெற்றார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவருக்கு இரண்டே இரண்டு தொலைபேசி அழைப்புகள் வந்தன. இரண்டும் பல் ஆஸ்பத்திரியிலிருந்து.

மே மாதத்தில் யாரோ வீட்டு முற்றத்தில் பழைய சாமான் விற்றார்கள். பனிச்சறுக்குக் காலணிக்கும் உடைந்த விளக்குக்கும் நடுவே ஒரு ஜப்பானியப் பட்டாளத் துப்பாக்கி படுத்திருந்தது. அதன் மேற்புறத்தில் பொறித்திருந்த ஜப்பானிய அரச முத்திரைப் பூவை யாரோ எப்போதோ அரம்போட்டுச் சுரண்டியிருந்தார்கள். பூ போனாலும் பூவின் நிழல் இருந்தது. அந்த நிழலுக்காகவே அவர் அதை வாங்கினார் என்று நினைக்கிறேன்.

வண்டியில் ஏற்றும்போது ஊர்க்காரர் லெஸ்டர் ஹூட்டாலா தன் லாரியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"டேய் கல்லியோ, பழைய பட்டாளத்து ஆளா அது? ஜூன் முதல் சனிக்கிழமை எங்க பழந்துப்பாக்கிக் கூட்டத்துக்கு வந்துடு. ஏரிக்கரை மைதானத்துல. உனக்கும் ஒரு நாற்காலி போட்டுடறேன்."

"நானா?"

"பின்ன, உன் லாரியா? ஒரே ஒரு சட்டந்தான். பத்துத் தோட்டா மேசைமேல நிக்கணும். பத்து இல்லேன்னா நாற்காலி இல்ல."

அன்று முதல் வில்பர்ட்டின் கண்முன் ஒரு நாற்காலி மிதந்துகொண்டே இருந்தது. சாப்பிடும்போது, புல் வெட்டும்போது, மத்தியானத் தூக்கத்தில்கூட. பனிமூட்டத்துக்குள் ஒரு காலி நாற்காலி. பக்கத்து நாற்காலியிலிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

துப்பாக்கிக் கடையில் தோட்டா கேட்டார். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்தத் தோட்டாவைச் செஞ்சவங்க தோத்துப்போயே எழுபது வருஷமாச்சே," என்றார். வில்பர்ட் கணினியில் தேடினார். எல்லா இடத்திலும் 'கைவசம் இல்லை'. ஒஹையோவில் ஒருவரிடம் ஒரே ஒரு பெட்டி இருந்தது. அந்த விலைக்கு அதே மாதிரித் துப்பாக்கி இன்னும் மூன்று வாங்கலாம்.

லெஸ்டரைக் கூப்பிட்டார். "ஒரு ரெண்டு தோட்டா தேறுமா?"

"என் துப்பாக்கியோடது உனக்குப் பொருந்தாதுப்பா. பொருந்தினாலும் எங்கிட்ட இருக்கறது பத்துதான்."

லெஸ்டரின் கூட்டத்திலிருந்த மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"பத்துதான் இருக்கு."

"பத்துதான், கல்லியோ. ஒண்ணு குறைஞ்சாலும் வம்பு."

"பத்து. ஏன் கேக்கறே?"

ஒருத்தரிடமும் பதினொன்று இல்லை. 'ஆட்டத்துக்கு எத்தனையோ அத்தனையே வச்சிருக்காங்க, என்ன ஒரு ஒழுங்கு!' என்று வில்பர்ட் வியந்துபோனார்.

கடைசியில் லெஸ்டர்தான் வழி சொன்னார். மான் துப்பாக்கியின் வெறுங்கூடு வேலிக்கு வேலி கிடக்கிறது. நீளத்தைக் குறைத்து, கொழுப்புத் தடவி, அச்சுக்குள் விட்டு அழுத்தினால் ஜப்பான்காரனுக்குப் பொருந்தும்.

அப்படித்தான் ரொட்டி மின்னியது.

சமையலறையிலிருந்து துரத்தப்பட்ட வில்பர்ட், அச்சையும் கூடுகளையும் தூக்கிக்கொண்டு தோட்டத்து மூலையிலிருந்த சௌனாவுக்குப் போனார். வெந்நீராவியில் உட்காரும் அந்தச் சின்ன மரக்குடிசையில் வாரத்துக்கு ஒரு நாள்தான் அடுப்பு எரியும். மற்ற நாளெல்லாம் அங்கே தேவதாரு மணமும் அமைதியும்தான். ஜன்னல் வழியாக ஏரி தெரியும். கூட்டுக்குக் கொழுப்புத் தடவி, நெம்புகோலை மெல்ல இறக்குவார். உள்ளே போவது மான்காரனாகப் போகும், வெளியே வருவது ஜப்பான்காரனாக வரும். அஞ்சில் மூன்று கழுத்து கிழிந்து வரும். ஒவ்வொன்றையும் ஓரமாக வைத்து, "பரவாயில்ல, நீ முயற்சி பண்ணினே," என்பார்.

வெடிமருந்தை மட்டும் எலைன் அந்தப் பக்கம் விடவில்லை. "அது கார் கொட்டகையில பூட்டின பெட்டியிலேயே இருக்கட்டும். நீ இருக்கற மயக்கத்துல அதை அடுப்புல போட்டுட்டு அழகா எரியுதேம்பே," என்றாள். அவள் சொன்னது நல்லதாகப் போயிற்று.

ஏனென்றால் அந்தச் சனிக்கிழமை, நெம்புகோலோடு கனவு கண்ட களைப்பில் வில்பர்ட் ஊஞ்சலில் தூங்கிவிட்டார். எலைன் சௌனா அடுப்பை மூட்டிவிட்டாள். அவள் அக்காவின் கணவர், பாதிரியார் ஆர்விட், துண்டோடு வந்தார். மேல் பலகையில் ஒரு கிண்ணம் நிறைய ஆட்டுக் கம்பளிக் கொழுப்பு இருந்ததும், அது உருகிப் பலகை முழுக்கப் பரவியிருந்ததும் யாருக்குத் தெரியும்?

பாதிரியார் மேல் பலகையில் உட்கார்ந்தார். அடுத்த நொடி நடுப்பலகையில் இருந்தார். அதற்கடுத்த நொடி கீழ்ப்பலகையையும் தாண்டி, கடல்நாய்போல வழுக்கி, கதவைத் தள்ளிக்கொண்டு புல்வெளிக்கு வந்து சேர்ந்தார்.

"எலைன்," என்றார் அவர், வானத்தைப் பார்த்தபடி, மிகுந்த நிதானத்தோடு. "உங்க வீட்டுல இதுதான் வழக்கமா?"

சத்தம் கேட்டு ஓடிவந்த வில்பர்ட், பாதிரியாரைத் தாண்டிக் குதித்து உள்ளே போய்க் கூடுகளை அள்ளினார். அவசரத்தில் இரண்டை மிதித்தார்.

"மனுஷன் கீழே கிடக்கிறார், நீ பித்தளையை எண்ணறியா?" என்று கத்தினாள் எலைன்.

"பத்து," என்றார் வில்பர்ட். "எலைன், சரியா பத்துதான் மிஞ்சியிருக்கு."

அவள் திட்டுவதை நிறுத்திவிட்டு, பாதிரியாரிடம் துண்டை எடுத்து நீட்டினாள்.

அந்தப் பத்தையும் கார் கொட்டகையில் உட்கார்ந்து, புத்தகம் சொன்னதில் குறைந்த அளவாகவே மருந்து போட்டு, குண்டு பொருத்தி முடித்தார். நிறுத்தி வைத்தால் பத்து மெழுகுவத்திபோல் இருந்தன.

"வெடிக்குமா?" என்று கேட்டாள் எலைன்.

"தெரியாது."

"ஒண்ணைச் சுட்டுப் பாரேன்."

"சுட்டா ஒன்பதாயிடுமே."

அவள் அவருடைய பழைய ஆரஞ்சு நிற வேலைச் சட்டையை எடுத்து வெட்டி, பத்து அறை வைத்த ஒரு சின்னப் பை தைத்துக் கொடுத்தாள். "போ. போய் நாலு மனுஷங்களோட உட்காரு," என்றாள்.

ஜூன் முதல் சனிக்கிழமை. ஏரியிலிருந்து பனிமூட்டம் எழுந்து மைதானத்தில் முழங்கால் உயரத்துக்கு நின்றது. குறிப்பலகைகளின் முன் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. மேசையில் கம்பளி விரித்து நாலு பழந்துப்பாக்கிகள் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் முன்னும் பத்துத் தோட்டாக்கள் வரிசையாக நின்றன. அஞ்சாவது நாற்காலி காலியாக இருந்தது.

கனவில் பார்த்த அதே நாற்காலி.

வில்பர்ட் தன் பத்தையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். அவை கைக்குக் கை போயின.

"கழுத்தைப் பாரு, எவ்வளவு நேரா வந்திருக்கு!"

"கையாலயா செஞ்சே? அட பாவி மனுஷா!"

"பாதிரியார் இதுக்குத் தடவின கொழுப்புலதான் வழுக்கினாராமே?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். காப்பி ஊற்றிய ஹில்கா என்ற முதியவள் அவருக்கு மட்டும் இரண்டு துண்டு கேக் வைத்தாள்.

"சரி, ஆரம்பிக்கலாமா?" என்றார் லெஸ்டர், கேக்கைப் பார்த்து.

"புது ஆள், நானே முதல்ல சுடட்டுமா?" என்று எழுந்தார் வில்பர்ட்.

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். "சுடேன், சுடேன்!" என்று லெஸ்டர் மேசையைத் தட்டினார்.

வில்பர்ட் சுடும் கோட்டருகே போனார். காதில் பஞ்சை வைத்துக்கொண்டார். ஒரு தோட்டாவை உள்ளே விட்டார். பனிமூட்டத்துக்கு மேலே குறிப்பலகையில் மஞ்சளாகிப்போன காகிதம் ஒன்று தெரிந்தது. மூச்சை நிறுத்தினார்.

வெடித்தது.

ஓசை ஏரியைக் கடந்து, எதிர்க்கரைக் காட்டைத் தொட்டு, அவசரமில்லாமல் திரும்பி வந்தது. நாரைகள் எழுந்து பறந்தன. பலகையின் நடுவே விழுந்த ஓட்டையில் ஒரு சின்ன வானம் தெரிந்தது. வில்பர்ட் சூடான வெறுங்கூட்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சிரித்தபடி திரும்பினார்.

மேசையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. நாலு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். லெஸ்டரின் காப்பி அவர் காலணிமேல் வழிந்துகொண்டிருந்தது. அவர் விரல் மட்டும், தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல, தன் வரிசையின் முதல் தோட்டாவைத் தொட்டது.

ஹில்காதான் காப்பிக் கெண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இருபத்தாறு வருஷமா அதே பத்தைக் கொண்டு வந்து அதே பத்தை வீட்டுக்குக் கொண்டு போறாங்க, நிஜமாவே சுட்டவன் நீ ஒருத்தன்தாம்ப்பா."