சகலையும் ஆறு சன்னல்களும்

காலையில் கண்காணிப்பாளர் தன் கையாலேயே பொத்தானை அழுத்திச் சாத்திவிட்டுப் போன ஆறு சன்னல்களும் மதியம் கருத்தரங்கு முடிந்தபோது ஆவென்று திறந்து கிடந்தன.

பல்கலைக்கழகத்தின் புது ஆராய்ச்சிக் கட்டடம் அது. மழைநீரைச் சேமிக்கும், வெயிலில் மின்சாரம் எடுக்கும். எதையும் வீணாக்காத கட்டடம் என்று சான்றிதழ் தர இந்த வாரம் எந்த நேரத்திலும் ஆள் வரலாம். கருத்தரங்கு அறையின் குளிரெல்லாம் இப்படிச் சன்னல் வழியே ஓடினால் சான்றிதழ் ஏது? அவருக்குப் பழைய கட்டடத்துக் கிடங்குதான் கதி.

திறந்தது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. உதவிக் கண்காணிப்பாளர் அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், பதவியிலும் ஒரு படி கீழே. யாருக்குத்தான் பொறுக்கும்?

“அண்ணே, அந்தச் சன்னல் விஷயமா ஒண்ணு சொல்லணும். நீங்க லீவுல இருந்தப்ப கட்டடம் கட்டினவங்க வந்து...”

“நான் லீவு போட்டதைக் குத்திக் காட்டுறீங்களா?”

சகலை வந்த வழியே திரும்பிப் போனார்.

கண்காணிப்பாளர் காவலாளியை அறைக்குள் உட்காரவைத்தார். அன்று சன்னல் அசையவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியது. காவலாளியும் கூட்டோ? மறுநாள் அவரைக் கவனிக்க எலக்ட்ரீஷியனையும், எலக்ட்ரீஷியனைக் கவனிக்கத் தோட்டக்காரரையும் போட்டு, தோட்டக்காரரின் முழியும் சரியில்லை என்று இன்னும் நாலைந்து பேரை அனுப்பினார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஆறும் திறந்திருந்தன.

“இத்தனை பேர் இருந்தும் யாரும் பாக்கலையா?”

“நீங்கதானே சார் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கச் சொன்னீங்க?” என்றார் காவலாளி. “சன்னலைப் பாக்கச் சொல்லலையே.”

சகலை மறுபடியும் ஏதோ சொல்ல வந்தார். எல்லாம் எனக்குத் தெரியும் என்று இவர் கையமர்த்திவிட்டார்.

அடுத்த நாள் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. கட்டடத்தில் இருக்கும் அத்தனை பேரையும் ஒரே அறையில் போட்டுவிட்டால் திறக்க வெளியே யார் இருப்பார்? ஆராய்ச்சியாளர்கள், மாணவர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று எல்லாரையும் உள்ளே திரட்டினார். நடையில் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற ஒரு அம்மாளையும் விடவில்லை. கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

நெருக்கியடித்த கூட்டத்தில் சகலை அந்த அம்மாள் காதில் என்னவோ ஓதிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் வேறு தலையாட்டினார். என் நாற்காலிக்குத்தான் குழி பறிக்கிறான் என்று இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரத்தில் முதல் சன்னல் மெல்லத் திறந்தது. பிறகு இரண்டாவது. ஆறும் திறந்தன. யாரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அந்த அம்மாள் எழுந்து வந்து அடையாள அட்டையை நீட்டினார். சான்றிதழ் தர வந்த அதிகாரி. கண்காணிப்பாளருக்குக் கிடங்கின் தூசி வாடையே மூக்கில் ஏறிவிட்டது.

“எல்லாரும் எனக்குப் பேப்பரைத்தான் காட்டுவாங்க. ஆளுங்க மூச்சுக்காத்து கூடினா சன்னல் தானாத் திறக்கும்னு, ஆளுங்களையே அடைச்சு வெச்சுக் காட்டினது நீங்க ஒருத்தர்தான் சார்” என்றார் அந்த அம்மாள். “இது மொத்தமும் எங்க அண்ணன் யோசனைன்னு உங்க சகலை இவ்வளவு நேரமும் பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தாரு.”