முத்தல் கங்காணியின் சனிக்கிழமைப் பெரட்டு

உலகத்தில் கவிதையைக் கட்டை விரலால் படித்த ஒரே மனிதர் எங்கள் முத்தல் கங்காணிதான். மற்றவர்கள் கண்ணால் படிப்பார்கள், வாயால் படிப்பார்கள், சிலர் படிக்காமலேயே மேடையில் தலையாட்டுவார்கள். இவருக்குக் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் போதும். நீங்கள் கவிதை சொல்ல ஆரம்பித்ததும் அந்த இரண்டு விரலும் காற்றில் கிள்ளத் தொடங்கும். விரல் நின்றால் பிழைத்தீர்கள். நிற்கவில்லை என்றால் தகரக் கூரை அதிர ஒரு சத்தம் வரும்: "முத்தல்!"

மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவிலிருந்து வளைந்து வளைந்து போகும் ரோட்டின் முடிவில் இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சில வருஷம் கிராணியாக இருந்தேன். கிராணி என்றால் ஆபீஸ் குமாஸ்தா. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போன பிறகும் அங்கே மேனேஜர் துரைதான், குமாஸ்தா கிராணிதான், வேலையாட்களுக்குத் தலைவர் கங்காணிதான். நம்மவருக்கு அடையாள அட்டையில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. சம்பளச் சீட்டு எழுதிய எனக்கே அது மறந்துவிட்டது.

அவருடைய சட்டம் ரொம்ப எளிது. தேயிலையில் இரண்டு இலை, ஒரு கொழுந்து. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் முத்தல். கூடையில் முத்தல் இலை கிடந்தால் நிறுப்பதற்கு முன்னாலேயே பொறுக்கி வீசிவிடுவார். அந்தச் சட்டத்தை அவர் கவிதைக்கும் போட்டதுதான் வினை. எப்போதிலிருந்து இப்படி என்று அவர் மனைவியைக் கேட்டேன். "தாலி கட்டறப்பவே ஐயரு மந்திரத்தைப் பாதில நிறுத்தி, இது போதும்னாரு கிராணி. அன்னிக்கே நான் ஓடியிருக்கணும்லா" என்றார் அந்த அம்மாள்.

காலையில் வேலைக்குப் போகும் முன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். கங்காணி சனிக்கிழமை சாயங்காலமும் ஒரு பெரட்டு வைத்தார், இலை நிறுக்கிற பழைய கொட்டகையில். அதே மாதிரி பெயர் கூப்பிடுவார். "இருக்கேன் கங்காணி" என்றால் மட்டும் போதாது, ஒரு கவிதையும் சொல்ல வேண்டும். சொந்தச் சரக்கா, படித்ததா, நேற்று எழுதியதா, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியதா என்று கேட்க மாட்டார். தேநீரும் பீசாங் கோரேங்கும் அவர் உபயம். வாழைப்பழப் பஜ்ஜிக்காக வந்து இலக்கியத்தில் மாட்டிக்கொண்டவர்கள்தான் முக்கால்வாசிப் பேர்.

பழைய கவிதை என்றால் பயபக்தியோடு கேட்பார் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் சங்க காலத்துப் பாட்டு ஒன்றை மூச்சுப் பிடித்துச் சொல்லி முடித்தார். நம்மவர் தலையைச் சொறிந்தார்.

"நடுவுல ராஜா பேரு, ஊரு பேரு, குதிரை பேரு எல்லாம் போட்டு நெரப்பிட்டாரு சார். பரிசு வாங்கணும்ல, பாவம். அது முத்தல். கடைசியில அந்தப் பொண்ணு வாசல்ல நிக்கறப்ப மழை வருது பாருங்க, அது கொழுந்து. அந்த மழையை மட்டும் இன்னொரு தரம் பெய்ய விடுங்க."

வாத்தியார் முறைத்துக்கொண்டே மறுபடி சொன்னார். அடுத்த வாரமும் வந்தார்.

புதுக்கவிதைக்கும் தள்ளுபடி கிடையாது. கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கிற பையன் ஒருவன் வரிக்கு ஒரு சொல்லாக எழுதிய கவிதையை நீட்டினான். கங்காணி காகிதத்தை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். "என்னா தம்பி, எடுத்துட்டு வர்ற வழியில கொட்டிப் போச்சா?" என்றார். பையன் முகம் ஸ்ட்ராபெரி நிறத்துக்குப் போனது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கிராணியாகப் போவதற்கு முன்பே நான் ஒரு கவிஞன் என்பது எனக்கு மட்டும் தெரிந்த செய்தி. முதல் சனிக்கிழமை, மலையில் இறங்கும் பனியைப் பற்றி நீளமாக ஒன்று எழுதிக்கொண்டு போனேன். பனியே என்றேன், பாவையே என்றேன், வெண்பட்டே என்றேன். விரல் கிள்ளிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஓரிடத்தில் நின்றது.

"கிராணி, மத்ததெல்லாம் முத்தல். 'பனி விலகியதும் மலை ஒன்றும் நடக்காதது மாதிரி நிற்கிறது'ன்னு ஒண்ணு சொன்னீங்களே, அது கொழுந்து. அதை நான் எடுத்துக்கறேன்."

எடுத்துக்கறேன் என்றால் நிஜமாகவே எடுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்கப் பெரட்டில் அதைச் சொன்னார், தேயிலைக் காட்டில் சொன்னார், பிரிஞ்சாங் சந்தையில் முட்டைக்கோஸ் வாங்கும்போது கடை முதலாளி சீனத் தவுக்கேயிடம் மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னார். லோரி டிரைவர் ஒரு காலையில் என்னைப் பார்த்து, "ஒண்ணும் நடக்காத மாதிரி நிக்குது பாருங்க கிராணி, உங்க மலை" என்று கண்ணடித்துவிட்டுப் போனான். எந்தப் பத்திரிகையில் வந்திருந்தாலும் எனக்கு அவ்வளவு பெருமை இருந்திருக்காது. குப்பை மாதிரி ஒரு கவிதை சொன்னாலும் அதில் ஒரு வரியையாவது தேடிப் பிடித்து ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த மனிதருக்கு வாடிக்கை. சத்தம் போட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், இது கொஞ்சம் மறந்துபோகும்.

ஒருமுறை பங்களாதேஷ் தொழிலாளி ரஃபீக் எழுந்து, தன் பாஷையில் ஒன்று சொன்னான். கொட்டகையில் ஒருவருக்கும் புரியவில்லை. கங்காணி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கொழுந்து!" என்றார்.

"உங்களுக்கு என்னா லா புரிஞ்சிச்சு?" என்று அவர் மனைவியே கேட்டுவிட்டார்.

"ஒண்ணும் புரியலை. ஆனா ஒரு எடத்துல அவனே நின்னுட்டான் பாரு, தொண்டையில எச்சி முழுங்கிட்டு. அந்த எடம்தான்."

எல்லாம் கொட்டகைக்குள் இருந்தவரை தொல்லை இல்லை. பழக்கம் முற்றிப்போய், வெளியிலும் வாய் தானாகத் திறக்க ஆரம்பித்தது. புதிதாக வந்த மலாய்க்கார துரை பாதுகாப்புக் கூட்டத்தில் கையுறை போடுவதைப் பற்றி மதியம் வரை பேசினார். நடுவில் எங்கிருந்தோ, "முத்தல்!" துரை என்னைத் திரும்பிப் பார்த்தார். "துவான், ரொம்ப முதிர்ச்சியான பேச்சு என்று பாராட்டுகிறார்" என்று மலாயில் சொல்லி வைத்தேன். துரை மகிழ்ந்துபோய் இன்னும் அரை மணி நேரம் பேசினார்.

துரையிடம் தப்பித்த வாய் சம்மந்தி வீட்டாரிடம் மாட்டியது.

கங்காணிக்கு நிலா என்று ஒரே மகள். ஜாதகப்படி வைத்த நீளப் பெயரை அவர் கிள்ளியதில் மிஞ்சியது அந்த இரண்டெழுத்து. ஈப்போவில் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையனுக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போயிற்று. பையனுக்கு அப்பா இல்லை, பெரியப்பாதான் வளர்த்தவர். ஈப்போவில் லோரி கம்பெனி, கோயில் தலைவர் பதவி, பட்டு ஜிப்பா எல்லாம் உள்ளவர். பெண் பார்க்கப் பையனின் அம்மா மட்டும் முதலில் வந்தார். காப்பி கொடுத்த கையோடு கங்காணி, "வந்தது வந்தீங்க, ஒரு கவிதை சொல்லுங்க தங்கச்சி" என்றார். அந்த அம்மாள் வெட்கப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய ஒன்றைச் சொன்னார். மூன்றாவது வரியில் விழுந்தது வெடி.

மறுநாள் பெரியப்பாவிடமிருந்து போன் வந்தது. பையன் ஆசைப்படுகிறான் என்பதற்காகத்தான் சம்மதம், ஆனால் நிச்சயத்தில் பெண்ணின் அப்பா வாயைத் திறந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம் என்றார். நிலா ஈப்போவிலிருந்து ஓடி வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. "அப்பா, ஒரே ஒரு நாள். எனக்காகச் சும்மா இருங்கப்பா" என்றாள். கங்காணி தலையாட்டினார். மனைவி மட்டும், "அன்னிக்கு வாயைத் தொறந்தீங்கன்னா நான் பேச மாட்டேன், என் கரண்டி பேசும்" என்று கூடுதலாக ஒரு உத்தரவாதம் வாங்கிக்கொண்டார்.

நிச்சயம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். ஈப்போக்காரர்கள் பஸ் வைத்து வந்தார்கள். மலை வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்து, முகம் வெளுத்துப்போய் இறங்கினார்கள். கங்காணி வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுதான் அவர் கண்டுபிடித்த பூட்டு. அவர் வாய் அசைந்தால் தொடையில் கிள்ளுவதற்காகப் பக்கத்தில் என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

தட்டு மாற்றுவதற்கு முன் பெரியப்பா எழுந்தார். மைக்கைப் பிடித்தார். ஜிப்பாப் பையிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்தார். வாழ்த்துக் கவிதை!

வானமே வாழ்த்து என்றார், வையமே வாழ்த்து என்றார், வண்டினமே, வடதிசையே, வாடாத வஞ்சியே என்று வகரத்தில் ஒன்றையும் விடவில்லை. சமையல்கட்டில் சாம்பார் ஆறியது. பக்கம் திரும்பியது. "கூடை சுமந்த குடிசையிலும் பெண்ணெடுத்த பெருமனமே எம் குலத்தின் திருமனமே" என்று ஒரு வரி வந்தது. மண்டபத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. கங்காணியின் கன்னம் வெற்றிலையோடு அப்படியே நின்றது. கண் சிவந்தது. வேட்டி மடிப்புக்குள் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் கிள்ளிக்கொண்டே இருந்தன. வாய் மட்டும் திறக்கவில்லை. அந்த மனிதர் சும்மா இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான், அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மேடையில் உட்கார்ந்திருந்த நிலாவும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா அடுத்த பக்கத்தையும் முடித்து, அதற்கடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"முத்தல்!"

பட்டுப் புடவையும் பூவுமாக அவள்தான் கத்தினாள். அப்பா குரல் அப்படியே. பையனின் அம்மா வாயைப் பொத்தினார். பெரியப்பா காகிதத்தை மடித்தார், ஜிப்பாவை இழுத்துவிட்டார், தட்டுப் பக்கம் திரும்பினார். "கிளம்புங்க எல்லாரும்" என்று சொல்வதற்கு அவர் மூச்சை இழுத்ததை நான் பார்த்தேன்.

அப்போதுதான் கங்காணி என் கைக்குட்டையைப் பிடுங்கினார். வெற்றிலை முழுவதையும் அதில் துப்பி என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். மனைவி சமையல்கட்டு வாசலில் நிஜமாகவே கரண்டியோடு நின்றார்.

"சம்மந்தி, போறதுன்னா போங்க. போறதுக்கு முன்னால அந்தச் செருப்பு வரியை மட்டும் இன்னொரு தரம் சொல்லிட்டுப் போங்க."

"என்ன செருப்பு?" என்றார் பெரியப்பா, சண்டைக்கு வருகிற குரலில்.

"மொதல் பக்கத்துல, வண்டினத்துக்குக் கீழ. தம்பி செருப்பு."

பெரியப்பா காகிதத்தைப் பிரித்தார். தேடினார். இந்தத் தடவை மைக் இல்லை.

"தம்பி விட்டுப்போன செருப்பு, இவன் காலுக்குச் சரியாகிவிட்டது."

அதற்குமேல் அவரால் படிக்க முடியவில்லை. அவ்வளவு வாழ்த்துக்கும் நடுவில் அப்படி ஒரு வரி வந்து போனது எங்களில் ஒருவர் காதிலும் விழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளைப் பையன் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா புடவைத் தலைப்பில் முகத்தை மூடிக்கொண்டார். கங்காணி சத்தமே போடாமல், "கொழுந்து" என்றார்.

பெரியப்பா மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார். "அப்ப மத்ததெல்லாம்?"

"முத்தல் லா, சம்மந்தி."

முதலில் சிரித்தது பையனின் அம்மா. தட்டு மாறியது, ஆறிப்போன சாம்பாரை எல்லாரும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பஸ் ஏறும்போது பெரியப்பா கங்காணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கூடை வரி, நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க" என்று இழுத்தார். "எந்த வரி? அதை அப்பவே கிள்ளிப் போட்டுட்டேனே" என்றார் நம்மவர். பெரியப்பா இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை மலையேறி வந்து பெரட்டில் பெயர் கொடுக்கிறாராம். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுவதில்லையாம்.

நான் வேலை மாறிக் கோலாலம்பூர் வந்துவிட்டேன். பத்திரிகைக்கு வாரா வாரம் இந்தப் பக்கத்தை எழுதும்போது ஒரு விரல் பக்கத்தில் கிள்ளுகிற மாதிரியே இருக்கும், பாதியை அடித்துவிடுவேன். இந்த இதழ் பிரிஞ்சாங் கடைக்குப் போகும், அவரும் வாங்கிப் படிப்பார். கொட்டகை அதிரும், தெரியும். எங்காவது ஒரு வரியில் அந்த விரல் ஒரு நிமிஷம் நின்றால் போதும் கங்காணி, அது உங்களுக்குத்தான்.