கிளினிக் வேனில் வரும் என் மகள்

அன்புள்ள நொயலீன் அக்காவுக்கு,

உன் தம்பி லெஸ்டர் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லாரும் சுகம். டப்போவில் நீயும் டெனிஸ் அத்தானும் உங்கள் நாய்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறது, மீன்தான் இன்னும் வரவில்லை. மரியாதைக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது, உங்கள் ஊர்க் கோழித் தொழிற்சாலையில் லடீஷாவுக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொன்னாய். நான் தாம்தூம் என்று குதித்தேன். என் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கட்டும், நம் குடும்பத்தில் ஒருத்தியாவது முடிக்கட்டும் என்று கத்தினேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பஸ் டிக்கெட் அனுப்பி உடனே கூப்பிட்டுக்கொள். அங்கே வந்து கோழியைப் பிடிக்கட்டும். இங்கே எங்களைப் பிடிக்கிறாள்.

எல்லாம் பள்ளிக்கூடத்து ஹாலோரன் டீச்சர் செய்த வேலை. லடீஷா நினைத்தால் பள்ளிக்குப் போவாள், நினைக்காவிட்டால் ஆற்றங்கரைக்குப் போவாள் என்று இருந்தாள் அல்லவா, அதற்கு டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். வாரத்தில் மூன்று நாள் பள்ளி, இரண்டு நாள் நம் பழங்குடி ஆட்களே நடத்தும் கிளினிக்கில் சம்பளத்தோடு பயிற்சி. பள்ளிக்கு மட்டம் போட்டால் அந்த வாரம் கிளினிக் கிடையாது. பெயர் தைத்த நீலச் சட்டை ஒன்றும் கொடுத்தார்கள். அந்தச் சட்டையைப் போட்டதிலிருந்து அவள் ஒருநாள்கூட மட்டம் போடவில்லை. நானும் வெட்கமில்லாமல் அவள் போட்டோவை கிளப்பில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன். அவளுக்குக் கொடுத்த வேலை என்ன என்று அப்போது நான் கேட்கவில்லை. சர்க்கரைப் பரிசோதனைக்கு வராமல் டிமிக்கி கொடுப்பவர்களை, பேம் நர்ஸோடு வேனில் போய் அழைத்து வருவதாம்.

பேம் நர்ஸ் வருஷக்கணக்காக அந்த வேனில் வருகிறாள். வெள்ளைக்காரிதான், ஆனால் தங்கமானவள். கதவைத் தட்டுவாள். நாம் ஒரு பிள்ளையை வாசலுக்கு அனுப்பி, அப்பா ஆற்றுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லச் சொல்வோம். அவளும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, ஊரே இப்படித்தான் நிம்மதியாக இருந்தது. நம் வீட்டில் வாசலுக்குப் போகிற பிள்ளை லடீஷா. பால்பல் விழாத வயதிலேயே முகம் மாறாமல் சொல்வாள், அவ்வளவு கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம் இப்போது வேனுக்குள் உட்கார்ந்திருக்கிறது அக்கா, நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

முதலில் கிளைவ் மாமாவைப் பிடித்தாள். அவர், தூண்மேல் நிற்கிற தன் வீட்டுக்கு அடியில் நாய்களோடு படுத்திருந்தார். இவள் ஒரு பிஸ்கட்டை நீட்டினாள், நாய்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன, மாமா மட்டும் தனியாகத் தெரிந்தார். கொரீன் சித்தி சர்ச் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள், இவள் வெளியே நின்று சித்தி பாடுகிற பாட்டையே பாடி, சித்தியும் பழக்கதோஷத்தில் உள்ளேயிருந்து சேர்ந்து பாடிவிட்டாள். நான் என் காரை மூன்று தெரு தள்ளி நிறுத்துகிறேன், பிரயோஜனம் இல்லை. நான் வீட்டில் இருந்தால் நம் நாய் வாசலில் என் பூட்ஸ்மேல் தலை வைத்துப் படுத்திருக்கும், அது அவளுக்குத் தெரியும். சொந்தக்காரப் பிள்ளை என்பதால் முகத்துக்கு நேரே வராதே என்று சொல்லவும் முடியவில்லை. எனக்கு ஒன்றுமில்லை, காலில் ஒரு சின்னப் புண், தானாக ஆறிவிடும். இதற்குப் போய் ஒரு மனுஷன் தன் வீட்டிலேயே ஒளிந்து வாழ வேண்டுமா?

ஆகவே அவளைக் கூப்பிட்டுக்கொள். அத்தானுக்கு என் அன்பு, நாய்களுக்கு முதுகில் ஒரு தட்டு. நம் முன்னோர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
நிம்மதி இழந்த தம்பி,
லெஸ்டர்

பி.கு.: நேற்று இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது வேன் சத்தம் கேட்டது. ஷெட்டுக்குள் ஓடி, தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். லடீஷா உள்ளே வந்தாள். தார்ப்பாயை இழுக்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மாவத் தேடி வேன் வந்தப்பவும் வாசல்ல நான்தான்ப்பா நின்னேன். அம்மா வீட்ல இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் அம்மா நெசமாவே இல்லாமப் போயிட்டா. இனிமே வாசல்ல நின்னு பொய் சொல்ற வேல எனக்கு வேணாம். எந்திரிச்சு வா."

எழுந்து போய் வேனில் ஏறினேன். வேறென்ன செய்ய? கால்விரல் கறுத்துப்போயிருந்ததை உனக்கு எழுதவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பாதத்தையே எடுத்திருப்பார்களாம். அவர்கள் கழுவிக் கட்டும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அழுதேன் அக்கா, வலியால் இல்லை.

அதனால் மேலே எழுதியதைப் படித்திருந்தால் மறந்துவிடு. கோழி வேலையை வேறு யாருக்காவது கொடு. இன்று காலை இவள் தலைவலி, பள்ளிக்குப் போகவில்லை என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள். போர்வையை உருவி, நொண்டிக்கொண்டே கூடப் போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். நாளைக்கு எனக்குக் கட்டு மாற்ற வேண்டும். அவள் பக்கத்தில் இல்லாமல் அந்தக் காலை யாரும் தொட விடமாட்டேன்.