மீசையோடு தின்ற இறால்

காதலிக்கிற காலத்தில் பொய்யே சொல்லாத ஆள் யாராவது இருந்தால் அவரை நான் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். சிலர் சமைக்கத் தெரியும் என்பார்கள், சிலர் அதிகாலையில் எழுவேன் என்பார்கள். நான் அளந்தது இறால் விஷயத்தில்.

எங்கள் ஊர் கீழக்குயில்குடி. மீன் என்றால் எங்களுக்குக் கண்மாய் மீன், அதிலும் அயிரை. விரல் நீளம்கூட இருக்காது. தலை, வால், முள் எதையும் ஒதுக்காமல் குழம்புச் சோற்றோடு மென்று விழுங்கிவிடுவோம். கப்பலூரில் என்னோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்த ஜெயந்தியோ தூத்துக்குடிக்காரர் மகள். "இறால் பிடிக்குமா?" என்று கேன்டீனில் கேட்டாள். "இறால்னா எனக்கு உசுரு" என்றேன். (அதுவரை இறாலை ஹோட்டல் போர்டில் படமாகத்தான் பார்த்திருந்தேன்.)

அதை அவள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். கோச்சடையில் இருந்த அவர்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு அவள் அப்பா இன்னும் சரி சொல்லவில்லை. என்னைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றிருந்தார்.

இலையில் வந்து விழுந்தன, ஓட்டோடும் தலையோடும் மீசையோடும் வறுத்த பத்து இறால்கள்.

"ஓட்டோட வறுத்தாத்தான் தம்பி ருசி. வெக்கப்படாமச் சாப்பிடுங்க" என்றார் அவள் அம்மா. அடுத்தவரைப் பார்த்துக் காப்பியடிக்கலாம் என்றால், விருந்தாளி முதலில் கை வைக்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அயிரையை நினைத்துக்கொண்டேன். ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டு நறுக் நறுக்கென்று மென்றேன். ஜெயந்தி கண்ணால் ஏதோ ஜாடை காட்டினாள். இன்னொன்று எடுக்கச் சொல்கிறாள் என்று நினைத்து இரண்டாவதையும் போட்டேன். இறாலின் தலையில் கொம்பு மாதிரி ஒரு முள் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. அது மேலண்ணத்தில் குத்தி நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா கேட்டார். "ஒரே பொண்ணு தம்பி. கண் கலங்காம வச்சுக்கிடுவீங்களா?"

வாயை மூடவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. என் கண்களிலிருந்துதான் தாரை தாரையாகக் கொட்டியது.

"எதுக்குத் தம்பி அழுவுதீங்க?"

"ஆ... ஆ..." என்று வாயைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஜெயந்தி செல்போனில் டார்ச் அடித்தாள். இரண்டு விரலை உள்ளே விட்டு முள்ளைப் பிடுங்கி எடுத்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி இறால் தின்னுருக்கீங்களா?"

"இல்ல மாமா." (மாமா என்று கூப்பிட யாரும் அனுமதி தந்திருக்கவில்லை. பதற்றத்தில் வந்துவிட்டது.)

"பொறவு ஏன் உசுருன்னு சொன்னீங்க?"

"ஜெயந்தி கேட்டுச்சு..."

அவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, ஒனக்காவ ஓட்டையும் மீசையையும் தின்னுருக்கான். இதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க?"

அந்த மனிதர்மேல் எனக்கு அன்று வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை. கோச்சடை வீட்டில் இறால் வறுத்தால், மாமா தன் கையால் உரித்து இரண்டு தட்டில் தனியாக எடுத்து வைப்பார். ஒன்று என் மகளுக்கு, ஒன்று எனக்கு.

ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் மகள் தானே உரிக்கக் கற்றுக்கொண்டாள். இப்போது ஒரு தட்டுதான் வருகிறது.