மர்ளியா டீச்சரின் நாலாவது திருத்தம்

மெட்டின் நடுவில் வரும் நாலு வரிதான் மர்ளியா டீச்சரின் உயிரை வாங்கியது. அதுவரை நாலடித் தாளம். அங்கே மட்டும் மூன்றடி, சுருதியும் ஒரு படி மேலே. பிறகு இரண்டும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும்.

கற்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் அவர் கணக்கு டீச்சர். சங்கீத டீச்சர் மாற்றலாகிப் போனதால், ஊதி வாசிக்கும் மெலோடிக்கா பேண்டும் அவர் தலையில் விழுந்தது. இந்த முறையும் கடைசி இடமென்றால் பேண்டைக் கலைத்துவிடுவதாகப் பள்ளி அதிபர் சொல்லியிருந்தார். பதினெட்டுப் பிள்ளைகளை நினைத்தால் டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

வலயப் போட்டியில் அணிநடையோடு வாசிக்க எல்லோருக்கும் ஒரே மெட்டு. ஸ்வரங்களை எழுத்தாகத் தட்டினால் வாசித்துக்காட்டும் செயலியொன்று போனில் இருந்தது. டீச்சர் மூன்றடியைத் தலைப்பிலேயே எழுதி, பிள்ளைகளுக்கென்று வாட்ஸ்அப்பில் பேண்ட் குரூப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் கேட்டுப் பார்த்தார். முழு மெட்டும் மூன்றடியில் நொண்டியது.

மறுநாள் மாற்றத்தை நடுவில் எழுதி அனுப்பினார். தாளம் அழகாக மாறியது, கடைசிவரை திரும்பவேயில்லை.

"போகச் சொன்னா மட்டும் போதாது. திரும்பி வரவும் சொல்லணும்," என்றார் கணவர் நௌஃபர். "நானும் கடைக்கு அப்படித்தானே போறன்."

மூன்றாம் நாள் தாளத்தைப் பழைய இடத்துக்குத் திருப்பி எழுதி அனுப்பினார், சுருதியை மறந்துபோனார். கடைசி வரி காதைக் கூசவைத்தது.

நாலாவது, பிழையே இல்லாமல் அச்சாவாக வந்தது. அனுப்பப் போனால் டேட்டா முடிந்திருந்தது. கரும்பலகையில் எழுதி, கைதட்டிப் பழக்கினார். பழைய பிழை ஒன்றையும் பிள்ளைகள் வாசிக்கவில்லை. குரூப்பைத் திறந்தே பார்ப்பதில்லை என்று முதலில் கோபப்பட்டவர், பிறகு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார்.

புத்தளம் மைதானத்தில் முதல் பள்ளி மூன்றடியிலேயே தொடங்கி, கால்கள் பின்னி நின்றது. இரண்டாவது பள்ளி கடைசிவரை மூன்றடியிலிருந்து மீளவில்லை. மூன்றாவதின் கடைசி வரிக்கு நடுவர் காதைத் தடவினார். 'எல்லாருக்கும் என் புத்திதான்' என்று டீச்சர் மனதாரப் பரிதாபப்பட்டார்.

பிறகு அவருடைய பதினெட்டும் நடந்தன. நடுவில் மாறி, மேலே ஏறி, ஒரே காலடியில் திரும்பி வந்து நின்றன. மைதானமே எழுந்து கைதட்டியது. டீச்சர் வெட்கமில்லாமல் அழுதார். வெற்றிக் கிண்ணத்தைப் பிள்ளைகளிடம் விட்டு, மெலோடிக்காப் பெட்டியை அதிபரே வேனுக்குச் சுமந்தார்.

மூன்றாவது பள்ளியின் ஸும்ரா டீச்சர் வந்து கைகொடுத்தார்.

"கணக்கு டீச்சர் பிழை விடமாட்டாண்டு நம்பித்தானே, எங்கட டீச்சர்மார்ர பேண்ட் குரூப்பில நீங்க போட்டத ஆளுக்கொண்டா எடுத்துப் பழக்கினம், சரியானத மட்டும் ஏன் டீச்சர் போடல்ல?"