ஆட்சேபணைக்குரிய தந்தி

கையில் ரப்பர் முத்திரை கிடைத்த முதல் ஆறு மாதம் எந்த மனிதனும் நல்லவனாக இருப்பதில்லை. நான் அந்த ஆறு மாதத்தை மூன்று வருஷமாக நீட்டித்தவன்.

எழுபதுகளின் கடைசி. பெரம்பலூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் தந்தி குமாஸ்தா வேலை. மக்கள் தருவதைப் போனில் பெரம்பலூருக்குப் படிக்க வேண்டும், வருவதை எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நாடே என் தலையில் நிற்பதாக எனக்கு நினைப்பு.

ஒரு திங்கட்கிழமை, அடுத்த ஊரிலிருந்து கூலி வேலை செய்யும் அஞ்சலையம்மாள் வந்தார். கலெக்டருக்குத் தந்தி: ‘காலை பஸ் எங்கள் ஊரில் நிற்பதில்லை. நிற்காவிட்டால் வெள்ளிக்கிழமை மறியல்.’

“இது ஆட்சேபணைக்குரிய தந்தி. போகாது” என்றேன். (எந்த விதிப்படி என்று எனக்கே தெரியாது.)

“எதுங்க சார் ஆட்சேபணை? பஸ்ஸா, மறியலா?”

“மொத்தமும்.”

“அப்ப முடியாதுன்னு எழுதிக் குடுங்க.”

“அதெல்லாம் தர முடியாது.”

தந்தியை நிறுத்திவிட்டால் மறியலும் நின்றுவிடும் என்று நம்பினேன். எப்பேர்ப்பட்ட மூளை!

அந்த வெள்ளிக்கிழமைதான் எனக்கு அரியலூரில் பெண் பார்க்க நாள் குறித்திருந்தது, பத்தரைக்குள், ராகு காலத்துக்கு முன். போட்டோவைப் பார்த்ததிலிருந்தே எனக்குத் தூக்கம் போயிருந்தது. அப்பா அம்மாவோடு பஸ் ஏறினேன். அஞ்சலையம்மாள் ஊரில் பஸ் நின்றது. நடுரோட்டில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தால் நிற்காமல் என்ன செய்யும்?

“நல்ல காரியத்துக்குப் போறோம்மா, வழி விடுங்க” என்று கெஞ்சினேன்.

“அதிகாரி வரட்டும் சார். அவருக்குத்தான் சேதி இன்னும் போய்ச் சேரல” என்றார் அஞ்சலையம்மாள்.

மதியம் ஒரு மணிக்கு ஜீப்பில் அதிகாரி வந்தார். “முன்னாடியே ஒரு தந்தி குடுத்திருந்தா நேத்தே இங்க பஸ்ஸை நிறுத்தச் சொல்லியிருப்பேனே” என்றார். ஐம்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார்.

அரியலூர் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. ஏன் தாமதம் என்று கேட்டார்கள். பொய் சொல்லத் தெரியாத என் அப்பா ஒன்று விடாமல் சொன்னார். உள்ளேயிருந்து பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது: “ஏம்மா, நாளைக்கு நான் நம்ம வூட்டுக்கு லெட்டர் போட்டா, அது வந்து சேருமா?”

அடுத்த திங்கட்கிழமை போன் அடித்தது. “அரியலூர்லேருந்து தந்தி, உங்க அப்பா பேருக்கு. எழுதிக்கங்க.”

‘சம்பந்தம் வேண்டாம். மன்னிக்கவும்.’

என் சர்வீசில் நிஜமாகவே ஆட்சேபணைக்குரிய தந்தி அது ஒன்றுதான். அழுகையை அடக்கிக்கொண்டு முத்திரை குத்தி, நானே கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கினேன்.

பிறகு ஆண்டிமடத்தில் பெண் அமைந்தது. இந்தக் கதையும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது (அதை யாரும் நிறுத்தவில்லை). இத்தனை வருஷம் தந்தி ஆபீசில் உழைத்து ஓய்வு பெற்ற நான் வீட்டிலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கும் என் மனைவி தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதினால், பெட்டியில் போடச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் கொடுக்கிறாள்.