வீட்டுக்கு ஒரே வரி

"நாற்பது சதவீதமாப்பா? பல்லைப் பிடுங்குறது நான், பாதியைப் பிடுங்குறது நீங்களா? அடுத்த மாசமே தனிக்குடித்தனம் போறேன்."

பல் மருத்துவரான மகன் இப்படிச் சொன்னதும் பேராசிரியர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவர். வீட்டுச் செலவுக்கு மகன் வருமானத்தில் நாற்பது சதவீதம், துணிக்கடையில் வேலை பார்க்கும் மகள் ஐந்து சதவீதம் என்று சட்டம் போட்டவர் அவரே. மகன் போய்விட்டால் குடும்பம் இரண்டாகிவிடும்.

மருமகள் வாயே திறக்காமல் தண்ணீர் ஊற்றினாள். எல்லாம் இவள் தூண்டுதல்தான் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

"இனி எல்லாருக்கும் ஒரே விகிதம். இருபது! வரி குறைஞ்சா மனுஷன் மாடா உழைப்பான்."

"எனக்கு அஞ்சு இருபதாகுதேப்பா?" என்றாள் மகள்.

"சமத்துவம்மா!"

மகன் மாடாக உழைக்கவில்லை. வழக்கமாக இரவு எட்டு மணிக்கு வருகிறவன் மாலை ஐந்துக்கே வந்து செருப்பைக் கழற்றினான். "சீக்கிரம் மூடினாலும் கையில நிக்கிற காசு அதேதான். எதுக்கு இன்னும் நாலு வாயைப் பார்க்கணும்?"

மகளோ கூடுதல் ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்தாள். "அண்ணனுக்கு தினமும் ஞாயித்துக்கிழமை. எனக்கு இருந்த ஒண்ணும் போச்சு."

பொது உண்டியல் இளைத்தது. பேராசிரியர் அசருவாரா? "விகிதம் இன்னும் ஜாஸ்தி. கோளாறு அங்கதான்."

பதினைந்தாக்கினார். மகன் மூன்று மணிக்கே வந்தான். வந்தவன் சும்மாவும் இருக்கவில்லை.

"அப்பா, இடது பக்கமும் மெல்லுங்க."

தன் மனைவி பல் துலக்கினால் பக்கத்தில் கடிகாரத்தோடு நின்றான். "துப்பாதே, இன்னும் முப்பது செகண்ட் இருக்கு."

செய்தித்தாள் நின்றது. சலவை இயந்திரமும் நின்றது; ரிப்பேருக்குக் காசில்லை.

"பத்து!" என்று முழங்கினார் பேராசிரியர். "இப்போ பாருங்க வேகத்தை!"

வேகம் வந்தது. மகன் வாரத்தில் மூன்று நாள் கிளினிக்கையே பூட்டிவிட்டான்.

'எப்படியோ, பையன் பிரிந்து போகவில்லை. கொள்கை ஜெயித்தது' என்று பேராசிரியர் நெஞ்சை நிமிர்த்தியபோது, கையில் ஈரப் பிரஷ்ஷோடு மருமகள் வந்து நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் கேட்ட முதல் உதவி அது.

"மாமா, வரியை அறுபதாக்குங்க. அவர் தனிக்குடித்தனம் போனா போகட்டும். நான் உங்களோடயே இருந்துக்கறேன்."